வாவியில் பாய் விரிக்கும் பிள்ளைகள்: மட்டக்களப்பில் ஒரு பாய்மரப் பயிற்சியும் அதன் கடல்மரபு நாளும்

மட்டக்களப்பு வாவியின் கல்லடிக் கரையில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலையும் பழையதும் புதியதுமாகச் சில சிறு படகுகளையும் வைத்துக்கொண்டு, தன்னார்வக் குழு ஒன்று பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்கி வருகிறது. புலமைப்பரிசில் பரீட்சை முடித்த வயதிலிருந்து உயர்தரம் படிக்கும் வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். மாரி ஓய்ந்து வாவி தெளிந்த பின் தொடங்கும் வகுப்பு ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும். பருவத்தின் கடைசியில் கடல்மரபு நாள் என்று ஒன்றை ஒழுங்கு செய்து, கண்காட்சி, உரை, தோணி ஓட்டம், பாய்மர ஓட்டம் எல்லாவற்றையும் அன்றைக்கே வைக்கிறார்கள். என் மகளும் தங்கையின் மகனும் இந்தப் பருவத்தில் பழகி முடித்திருக்கிறார்கள். பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக, கரையில் நின்று பார்த்த ஒரு பெற்றோராக இதை எழுதுகிறேன். படகுப் பயிற்சியைப் பொறுத்தவரை என் பதில், தயங்காமல் அனுப்புங்கள் என்பதே. மரபு நாளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை; அதற்கான காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பயிற்சி எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்ல வேண்டும். புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலைத் தொடுகிறது. இப்படி நீருக்குள்ளேயே வாழ்கின்ற ஒரு மாவட்டத்தில், நீந்தத் தெரியாத பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று கரையோரம் முழுவதையும் கடல் வாரிக்கொண்டு போன போது சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்றைக்கு இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பெற்றோரின் நிலையும் அதுவேதான். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்ற ஒரு சொல்லில் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர்கள் நினைப்பதில் எவரும் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தச் சொல் பிள்ளைக்கு நீச்சலைக் கற்றுக் கொடுப்பதில்லை. தண்ணீரைப் பார்த்த உடனே உடம்பு விறைத்துப் போகும் பழக்கத்தை மட்டுமே அது கொடுக்கிறது. அப்படி விறைத்துப் போகும் உடம்புதான், வாவியில் தவறி விழும் நாளில் முதலில் தாழ்கிறது.

இந்தக் குழுவினர் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய பாட ஒழுங்கே சான்று. தொடக்க வாரங்களில் பிள்ளைகள் படகைத் தொடுவதே இல்லை. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்பது, மல்லாந்து மிதப்பது, முகத்தை நீருக்குள் வைத்து மூச்சு விடுவது, பிறகு அங்கியோடு நீந்துவது, கடைசியில் அங்கி இல்லாமல் குறிப்பிட்ட தூரம் நீந்திக் காட்டுவது என்று படிப்படியாகப் போகிறது. அந்தக் கடைசிப் படியைத் தாண்டாத பிள்ளைக்குப் படகு இல்லை. எத்தனை பெற்றோர் வந்து கெஞ்சினாலும் பயிற்றுவிப்பாளர்கள் இதில் இளகுவதில்லை. நான் பார்த்த ஒரு நாளில், கண்ணை இறுக மூடிக்கொண்டு கரையிலிருந்து நாலு அடி கூட நகர மறுத்த ஒரு சிறுவனுடன் ஒரு பயிற்றுவிப்பாளர் வகுப்பு முடியும் வரை முழங்காலளவு நீரில் உட்கார்ந்திருந்தார். அவனை இழுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. இருவரும் மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்தச் சிறுவன் பருவம் முடிவதற்குள் தனியாகப் படகு ஓட்டினான். பாய்மரப் பயிற்சி என்று விளம்பரம் செய்துவிட்டு இவ்வளவு காலத்தை நீச்சலுக்குச் செலவிடுகிறார்களே என்று சில பெற்றோர் முறையிட்டது எனக்குத் தெரியும். எனக்கோ, இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி அந்த வாரங்கள்தான்.

அடுத்தது கவிழ்த்துப் பழகுதல். படகு கவிழாமல் பார்த்துக்கொள்வதற்கு முன்னால், கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பழக்குகிறார்கள். பிள்ளை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து படகைக் கவிழ்க்க வேண்டும். பிறகு நீந்திப் படகின் அடிப்பக்கம் போய், அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். பாய் நீரைக் குடித்திருக்கும் என்பதால் முதலில் ஒன்றும் அசையாது. ஒரு கணம் கழித்துப் பாய்மரம் மெல்ல நீரை விட்டு எழும்பும், உடனே படகு படாரென்று நிமிரும். அந்தக் கணத்தில் உள்ளே தாவி ஏறாத பிள்ளை மறுபடி நீரில் விழும். ஏறிய பிள்ளை, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் தண்ணீரை இறைக்க வேண்டும். என் மகள் முதல் முறை நிமிர்த்திவிட்டு, இறைக்க மறந்து, தண்ணீர் நிறைந்த படகில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக் கை அசைத்தாள். வாவியின் ஆழம் பல இடங்களில் ஆள் நிற்கக் கூடிய அளவே. அது பயத்தைக் குறைக்கிறது. அதே நேரம், முழுவதும் தலைகீழாகக் கவிழ்ந்தால் பாய்மரத்தின் நுனி அடிச் சேற்றில் குத்தி நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. இதற்காக ஒவ்வொரு பாய்மர உச்சியிலும் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கலன் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் கவிழ்ந்த படகு பக்கவாட்டில் மிதந்து நிற்க அது போதும். இந்த வாவியின் அடியை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒப்டிமிஸ்ட் வகைப் படகு. 1947 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கென்றே வரைந்த இந்தப் படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, மூக்கு மழுங்கிய பெட்டி போன்ற உருவம், ஒரே ஒரு பாய். உலகெங்கும் பதினைந்து வயது வரையானவர்கள் பழகுவதும் போட்டியிடுவதும் இதில்தான். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் கரைக்குத் தூக்கிவிடலாம். பெரிய பிள்ளைகளுக்கு லேசர் வகைப் படகு, நாலு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். இங்குள்ள படகுகளில் சில வேறெங்கோ பாவித்துக் கழித்தவை. கண்ணாடிநாரில் ஒட்டுப் போட்ட தழும்புகள் தெரிகின்றன. ஆனால் கயிறுகளும் கப்பிகளும் புதியவை, காற்றுப் பைகளை ஒவ்வொரு காலையும் ஊதிப் பார்த்த பின்பே படகை இறக்குகிறார்கள். காசு குறைவாக உள்ள இடத்தில் எதில் செலவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அறிந்து செய்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

காற்றைப் படிப்பிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேராகப் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் போய், பாயை மாற்றித் திரும்பி, மறுபக்கம் போய், இப்படி வளைந்து வளைந்துதான் மேற்காற்றில் மேற்குக்குப் போக முடியும். இதைப் பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், படகில் ஏறியதும் மறந்துவிடுவார்கள். அதனால் இவர்கள் மணலில் ஒரு கம்பை நட்டு, அதில் நாடாவைக் கட்டி, பிள்ளைகளையே படகாக நடக்க வைக்கிறார்கள். காற்றுக்கு நேரே நடப்பவனை மற்றவர்கள் நில் என்று கத்தி நிறுத்துகிறார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்துக் காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான், மாரியைக் கூட்டிவரும் வாடை, பின்னேரங்களில் கடற்பக்கமிருந்து வரும் குளிர்ந்த கடற்காற்று என்று ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பது விளக்கப்படுகிறது. கச்சான் காலத்தில் கடற்கரையில் பழகக் கூடாது, ஏனெனில் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. ஓட்டத் தெரியாத பிள்ளையை அது வெளியே கொண்டுபோய்விடும். வாவிக்கு மறுகரை இருக்கிறது. கொட்டில் கிழக்குக் கரையில் இருப்பதால் கச்சான் வீசும்போது கையை விட்ட படகு தானாகவே வீட்டுக் கரைக்கு வந்து சேர்கிறது. பயிற்சிக்கு இடம் தேர்ந்தவர் இந்தக் கணக்கையும் பார்த்தே தேர்ந்திருக்க வேண்டும். புதியவர்களைக் காற்று மெலிந்த காலையிலும், பழகியவர்களைக் கடற்காற்று எழும் பின்னேரத்திலும் இறக்குகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். படகுகள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் எஞ்சின் பூட்டிய ஒரு மீட்புப் படகு, ஓட்டுநரும் இன்னொருவருமாக, நடுவே நிற்கிறது. எத்தனை பிள்ளைகள் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பெயருக்கு நேரே கோடு விழாதவரை அவர் கொட்டிலை விட்டு நகருவதில்லை. பயிற்சிப் பரப்பின் எல்லையை மிதவைகளால் காட்டியிருக்கிறார்கள். கல்லடிப் பாலத் தூண்களுக்கு அருகேயும் முகத்துவாரப் பக்கமும் போவது முற்றாகத் தடை. மாரியில் வெள்ளம் ஏறி முகத்துவாரத்தை வெட்டிவிடும் நாட்களில் அங்கே ஓடும் நீரின் வேகம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. முதலையைப் பற்றியும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். வாவியில் முதலை இருப்பதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, கண்ணாப் பற்றைகள் என்ற அலையாத்திப் புதர்கள் உள்ள ஓரங்களைத் தவிர்ப்பதாகவும், மீனவர்கள் தகவல் சொன்னால் அன்றைய வகுப்பை நிறுத்துவதாகவும் பதில் சொன்னார்கள். வானம் இடித்தால் எல்லோரும் உடனே கரைக்கு வர வேண்டும். சித்திரையில் பின்னேர இடிமழை வரும் நாட்களில் இதை அவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குறை உண்டு. முதலுதவிப் பெட்டி இருந்தது, அதைப் பாவிக்க முறையாகப் பழகியவர் எல்லா நாளும் இருக்கவில்லை. சுட்டிக்காட்டிய பின் கவனிப்பதாகச் சொன்னார்கள்; அடுத்த பருவத்தில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சேர்ந்தவர்களில் பாதிக்குக் கிட்டப் பெண் பிள்ளைகள். காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்த முஸ்லிம் பிள்ளைகள் முழுக்கைச் சட்டையும் தலையை மூடும் நீச்சல் உடையுமாகவே எல்லாப் பயிற்சியையும் செய்தார்கள். பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவர் நீருக்குள் இறங்கும் எல்லா வகுப்பிலும் இருந்தார். இதெல்லாம் கேட்காமலே செய்யப்பட்டிருந்தது. ஆனால் உடை மாற்றுவதற்கான இடம் வெட்கப்படும்படி இருக்கிறது. கொட்டிலின் ஒரு மூலையைத் தறப்பாளால் மறைத்திருக்கிறார்கள். காற்று வீசும்போது அது பறக்கும். கழிவறைக்கு அயல் வீட்டை நாட வேண்டும். பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் வகுப்பைக் கைவிடுவதற்கு நீர்ப் பயத்தை விட இது பெரிய காரணமாகிவிடும். இன்னொரு படகு வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று குழுவினரிடம் பெற்றோர் பலர் சேர்ந்தே சொல்லியிருக்கிறோம்.

பருவத்தின் கடைசிப் பகுதியில், தனித்தனிப் படகுகளை விட்டுவிட்டு, எட்டுப் பேர் ஏறக்கூடிய இரட்டைப் பாய்ப் படகு ஒன்றில் பிள்ளைகளை ஏற்றி வாவியின் தெற்குப் பக்கமாக ஒரு பகல் பயணம் கூட்டிப்போகிறார்கள். விளையாட்டாகப் படகு ஓட்டுவதற்கும் கடற்பயிற்சி என்று உலகம் சொல்வதற்கும் உள்ள இடைவெளியை இந்தப் பயணம் நிரப்புகிறது. ஐரோப்பாவில் 1956 இல் இங்கிலாந்தின் டோர்பேயிலிருந்து லிஸ்பன் வரை பெரும் பாய்க்கப்பல்களை ஓட விட்டதில் தொடங்கி இன்றும் நடக்கும் ஓட்டங்களில், ஒவ்வொரு கப்பலிலும் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. அயலில் இந்தியக் கடற்படை 1997 இல் சேவையில் சேர்த்த தரங்கிணி என்ற மூன்று பாய்மரக் கப்பல், பயிற்சி மாலுமிகளோடு 2003, 2004 ஆம் ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு வாவியும் ஒரு படகும். ஆனால் முறை அதேதான். ஒருவர் சுக்கான், இருவர் பாய்க் கயிறு, ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன் நுனியில், நின்று வலைக் கம்புகளைப் பார்த்துச் சொல்வது, ஒருவர் நேரமும் காற்றும் குறித்துக்கொள்வது; மணிக்கொரு தரம் எல்லோரும் இடம் மாற வேண்டும். அணியத்தில் நிற்பவர் சொல்லத் தவறினால் படகு வலையில் மாட்டும், வலைக்காரரின் ஒரு நாள் உழைப்பு போகும். இதை விளக்கிய பிறகு அந்த இடத்தில் நின்ற பிள்ளைகள் கண்ணை எடுக்கவே இல்லை. தங்கையின் மகன் வீட்டில் தண்ணீர்க் குவளையைக் கூட எடுத்து வைக்காத பிள்ளை. பயணம் முடிந்து மற்றவர்கள் பணிஸ் சாப்பிடப் போன பின்னும் கயிறுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான்.

இனி மரபு நாள். கண்காட்சிக்காகக் கொட்டிலின் முன்னால் பந்தல் போட்டு, படங்களும் கப்பல் மாதிரிகளும் வைத்திருந்தார்கள். 1602 மே 31 ஆம் திகதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்ததும், ஒல்லாந்தர் இந்தத் தீவைத் தொட்ட முதல் இடமாக எங்கள் கரை ஆனதும் ஒரு பலகையில் விளக்கப்பட்டிருந்தன. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638 மே 18 ஆம் திகதி ஒல்லாந்தர் கைப்பற்றியதும், இரு பக்கம் வாவியும் இரு பக்கம் வெட்டிய அகழியுமாக அது நீரை நம்பி நின்றதும் இன்னொரு பலகையில். நெடுங்காலம் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக மட்டுமே அந்தக் கோட்டையைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, ஏன் அது அந்த முனையில் நிற்கிறது என்பது அன்றைக்குப் படகிலிருந்து பார்த்தபோது விளங்கியது. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913 இல் கட்டப்பட்டது, 28 மீட்டர் உயரம் என்பதையெல்லாம் பெரிய பிள்ளைகளே பார்வையாளர்களுக்கு விளக்கினார்கள். பிள்ளைகளை விளக்க விட்டது நல்ல முடிவு.

அன்றைய நிகழ்ச்சிகளில் மிகவும் கனத்தது ஹேர்மஸ் கப்பலைப் பற்றிய உரை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, திருகோணமலைத் தாக்குதலுக்குத் தப்புவதற்காக முந்திய இரவு வெளியேறிய அந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, ஒரு விமானம் கூட மேலே இல்லாத நிலையில், யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் தாழ்த்தின. 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் தாழ்ந்தது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நீரில் கிடந்த ஏறத்தாழ 600 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. ஹேர்மஸ் இன்னமும் 50 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. உரையாற்றியவர் போரின் வீரத்தைப் பாடவில்லை. விமானம் இல்லாத விமானந்தாங்கி எப்படிக் கையறு நிலைக்கு வந்தது, நீரில் விழுந்தவர்கள் எவ்வளவு நேரம் மிதந்தார்கள், மிதக்கத் தெரிந்தது எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று பிள்ளைகள் பழகிய பாடத்தோடு அதைச் சேர்த்துச் சொன்னார். முன் வரிசையில் இருந்த சிறுவர்கள் அசையாமல் கேட்டார்கள். மரபு நாள் முழுவதும் இப்படி இருந்திருந்தால் நான் குறை சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

என் வருத்தம் இங்கேதான். ஒல்லாந்தரின் கப்பலுக்கும் பிரித்தானியரின் கப்பலுக்கும் நடுப் பந்தலில் இடம் கிடைத்தது. வாவியின் தோணிக்குப் பந்தலின் ஓரம் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்த ஒரு பலகை மட்டும் இதற்கு விதிவிலக்கு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பின், எங்கள் ஆட்கள் ஐந்து பேர் மாலுமிகளாக ஓட்டிச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரரைத் தொட்ட கதை அது. அதைப் படித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த எவருக்கும், தங்களைப் போன்றவர்கள் கப்பல் ஓட்டியதை அறிவது ஒரு பிள்ளையை எப்படி நிமிர்த்துகிறது என்பது விளங்கியிருக்கும். அப்படியிருக்க, கிழக்கின் சொந்தக் கதை எங்கே? 1924 இல் கல்லடிப் பாலம் வரும் வரை புளியந்தீவுக்கும் எழுவான்கரைக்கும் இடையே மனிதரும் மாடும் நெல்லும் போனது படகில். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் பாதை என்ற தட்டைப் படகு இன்னமும் ஓடுகிறது. மண்டூர் முருகன் திருவிழாவுக்கு அதில் ஏறாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. பாதையில் பிள்ளைகள் இன்றும் ஏறி இறங்குகிறார்கள். தாங்கள் நிற்கும் அந்தப் பலகை ஒரு கடல்மரபின் மிச்சம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த மேடைதான். ஒரு படம் கூட அதைப் பற்றி இருக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு உரிமை தருவது அன்று பின்னேரம் நடந்த ஒன்று. தோணி ஓட்டத்துக்கு நடுவராக அழைத்திருந்த எழுபது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர், ஓட்டம் முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், தன் தோணியில் இரண்டு கம்புகளை நட்டு, உரப்பைகளைப் பிரித்துத் தைத்த பாய் ஒன்றைக் கட்டினார். சுக்கான் கிடையாது, துடுப்பைப் பின்னால் ஊன்றியே திருப்பினார். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எங்கும் கட்டவில்லை, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் பிடித்திருந்தார். காற்று ஓங்கும்போது விரல் தளரும், கயிறு ஓடும், பாய் காற்றை விடும். காற்று அடங்கியதும் விரல் மறுபடி இறுகும். ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகள் கையால் செய்யப் பாடுபட்டதை அவர் பேசிக்கொண்டே காலால் செய்தார். தங்கையின் மகனை ஏற்றிக்கொண்டு போனவர், அவன் அவசரப்பட்டுத் துடுப்பைத் தள்ளியபோது, "காத்து விடுமட்டும் பொறு மனே, விட்டாப் பிறகு கிறுகு" என்றார். அவன் பொறுத்தான், தோணி தானாகத் திரும்பியது. கரையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தோணியில் ஏற வரிசையில் நின்றார்கள். பயிற்றுவிப்பாளர்கள் கூட வரிசையில் நின்றது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் நிகழ்ச்சி நிரலில் அந்த ஐயாவின் பெயருக்கு நேரே நடுவர் என்று மட்டுமே இருந்தது.

அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு கரையூரிலும் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். எஞ்சின் வந்த பின் பாயைக் கழற்றி வைத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பயிற்றுவிப்பாளர்களாக, சம்பளத்தோடு, பருவத்தின் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீச்சலையும் பாதுகாப்பையும் நவீன படகையும் இந்தக் குழு சிறப்பாகப் படிப்பிக்கிறது. இந்த வாவியின் காற்றை, எந்தத் திட்டில் எந்த மாதம் மணல் ஏறும் என்பதை, நீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வதை அந்த ஐயாமாரே படிப்பிக்க முடியும். தோணி கட்டும் ஓடாவிமார் ஒருவரையேனும் கூப்பிட்டுப் பெரிய பிள்ளைகளைக் கொண்டு ஒரு பாய்த்தோணியைக் கட்டி முடித்தால், மரபு நாளுக்குக் கண்காட்சிப் பலகைகளே தேவைப்படாது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது குழுவினர் மறுக்கவில்லை, மீனவருக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றார்கள். கப்பல் மாதிரிகளுக்குச் செலவான காசை நினைத்தால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கங்கள் எல்லாம் தமிழில், அம்பாறையிலிருந்து வந்த சில சிங்களப் பிள்ளைகளுக்காகச் சிங்களத்திலும். கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்தில். கட்டளை குறுகியதாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்க வேண்டும் என்பதால் இதில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். கட்டணம் ஒரு பாடத்துக்குக் கொடுக்கும் மாத ரியூஷன் காசை விடச் சற்று அதிகம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், இரண்டாவது பிள்ளையைச் சேர்ப்பவர்களுக்கும் குறைத்துக்கொள்கிறார்கள். பற்றுச்சீட்டு ஒழுங்காகத் தருகிறார்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பின்னேரம் நேரம் மாற்றிக் கொடுத்ததும் வசதியாக இருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் சேர்ப்பதைத் தவிர்க்கலாம். வகுப்புகளைத் தொடர்ந்து தவறவிடும் பிள்ளை நீச்சல் படியிலேயே நின்றுவிடும்.

அடுத்த பருவத்துக்கான பதிவு தைப்பொங்கல் கழிந்த பின் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். படகுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பிள்ளைகளைச் சேர்ப்பதால் பிந்திப் போனால் இடம் கிடைக்காது. பெற்றோரின் ஒப்பக் கடிதமும் வைத்தியரின் சான்றிதழும் கேட்பார்கள். இழுப்பு, வலிப்பு போன்றவை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அப்படியான பிள்ளைகளைத் தள்ளிவிடாமல் தனிக் கவனிப்போடு சேர்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் போகும்போது பிள்ளையின் பருமனுக்குச் சரியான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, அன்றைக்கு முதலுதவி தெரிந்தவர் யார் என்ற இரண்டையும் கேளுங்கள். முழுக்கைச் சட்டையும், கயிறு பூட்டிய தொப்பியும், பழைய சப்பாத்து ஒரு சோடியும் கொடுத்து அனுப்புங்கள். வெறுங்காலோடு இறங்கினால் அடியில் கிடக்கும் ஊரியும் மட்டி ஓடும் பாதத்தை வெட்டிவிடும். செருப்பு போட்டால் சேறு அதைக் கழற்றி வைத்துக்கொள்ளும்.